சிறு அமைப்புகளின் பொருளாளர்களுக்கான வரிப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் தமிழ் அமைப்புகள், கோயில்கள், முன்னாள் மாணவர் சங்கங்கள், ஊர்ச் சங்கங்கள், துணைப்பாட நிலையங்கள் ஆகியவற்றின் பொருளாளர்களுக்கும் செயலாளர்களுக்கும் தமிழில் அரைநாள் வரிப் பயிற்சி நடத்துகிறோம். பதிவு செய்யுமுன் பலர் தொலைபேசியில் கேட்டவையும் வகுப்பில் கேட்டவையும் இங்கே உள்ளன. பதில்கள் பொதுவானவை. உங்கள் அமைப்பின் அமைப்புவிதி வேறாக இருந்தால் பதிலும் மாறலாம்.

லாபத்துக்கு நடத்தும் அமைப்பில்லை. எங்களுக்கு எதற்கு வரிப் பயிற்சி?

"நாம என்ன லாபத்துக்கா நடத்துறோம்?" இந்தக் கேள்வி எழாத வகுப்பே இல்லை. நோக்கம் நல்லதா என்று வரிச் சட்டம் கேட்பதில்லை. அமைப்பு எங்கே, எப்படிப் பதிவாகியிருக்கிறது என்றுதான் கேட்கிறது. அறநிறுவன ஆணையரிடம் பதிவான அறநிறுவனத்துக்கு 2008 மதிப்பீட்டு ஆண்டு முதல் வருமான வரி இல்லை. வருமான வரிப் படிவமும் தாக்கல் செய்யவேண்டாம். அதற்கு முன்பு ஆண்டு வருமானத்தில் 80 விழுக்காட்டைச் செலவிட்டால்தான் விலக்கு என்ற நிபந்தனை இருந்தது. பழைய பொருளாளர்கள் சிலர் இன்னும் அதை நினைத்துக்கொண்டு, ஆண்டு முடியும் வேளையில் அவசரமாகச் செலவு செய்யப் பார்க்கிறார்கள். அது தேவையில்லை.

ஆனால் அந்த விலக்கு உங்கள் அமைப்பின் சொந்த வருமானத்துக்கு மட்டும்தான். உங்களிடம் சம்பளம் வாங்குபவர், மேடையேறிப் பாடிவிட்டுப் போகும் கலைஞர், நன்கொடை தருபவர் ஆகியோரின் வரி விவகாரத்தில் உங்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. சிறு அமைப்புகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வகுப்பு நேரத்தில் பாதிக்கு மேல் இதற்கே போகும்.

சங்கப் பதிவகத்தில் பதிந்திருக்கிறோம். அப்படியென்றால் அறநிறுவனம்தானே?

இல்லை. சங்கமாகப் பதிவது வேறு, அறநிறுவனமாகப் பதிவது வேறு. ஒரு சங்கம் இரண்டிலும் பதிவாகியிருக்கலாம். முதலாவதில் மட்டும் இருக்கலாம். உறுப்பினர்களின் நட்புக்கும் நலனுக்கும் நடக்கும் ஊர்ச் சங்கமோ பழைய மாணவர் சங்கமோ பெரும்பாலும் அறநிறுவனம் ஆகாது. சந்தேகம் இருந்தால் அறநிறுவன இணையவாசலில் அமைப்பின் பெயரைத் தேடிப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. அறநோக்கம் மட்டுமே கொண்ட அமைப்பாக இருந்தால், தொடங்கிய மூன்று மாதத்துக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்கவேண்டும் என்பது சட்டம்.

அறநிறுவனம் அல்லாத சங்கத்துக்கு வருமான வரி உண்டு. அதற்கான படிவம் பி1. உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட நிறுவனமாகப் பதிந்திருந்தால் மற்ற நிறுவனங்களைப் போல சி-எஸ் அல்லது சி படிவம். நிறுவனப் படிவங்களுக்குக் கடைசி நாள் நவம்பர் 30. பி1க்கான கடைசி நாள் ஏப்ரலில் வரும். ஏப்ரல் தமிழ் மொழி விழா மாதம் என்பதால், நிகழ்ச்சி ஏற்பாட்டில் மூழ்கிக் கிடக்கும் செயற்குழுவுக்குப் படிவம் கண்ணில் படுவதில்லை. மார்ச் மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலேயே பி1ஐச் சேர்த்துவிடுங்கள்.

உறுப்பினர் சந்தாவுக்கும் வரி கட்டவேண்டுமா?

இங்கேதான் பலரும் அறியாத ஒரு கணக்கு இருக்கிறது. சங்கத்தின் மொத்த வரவில் பாதிக்குக் குறையாத தொகை உறுப்பினர்களிடமிருந்து வந்திருந்தால், சங்கம் தொழில் நடத்துவதாகக் கருதப்படாது. உறுப்பினர் பணத்தில் மிஞ்சியதற்கு வரியில்லை. வெளியாரிடமிருந்து வந்த வருமானத்துக்கும் முதலீட்டு வருமானத்துக்கும் மட்டும் வரி. உறுப்பினர் பங்கு பாதிக்குக் கீழே போனால் உறுப்பினர் பணம், வெளியார் பணம் என்ற பேதமே போய்விடும். எல்லாம் தொழில் வரவு.

ஒரு கற்பனைச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். 120 உறுப்பினர்கள், ஆளுக்கு 50 வெள்ளி சந்தா, ஆக 6,000 வெள்ளி. தீபாவளி விருந்து நுழைவுச்சீட்டு விற்பனையில் 14,000 வெள்ளி. மொத்தம் 20,000. பொருளாளர் கணக்கேட்டில் "சந்தா 6,000, விருந்து 14,000" என்று இரண்டே வரி எழுதினால் உறுப்பினர் பங்கு 30 விழுக்காடு. சங்கம் பாதியைத் தொடவில்லை. ஆனால் விருந்துச் சீட்டில் 5,000 வெள்ளிக்கு வாங்கியவர்கள் உறுப்பினர்களே என்று காட்ட முடிந்தால் அவர்கள் பங்கு 11,000, பாதியைத் தாண்டியாயிற்று. அதே பணம், அதே விருந்து. சீட்டு விற்கும்போது உறுப்பினர் எண்ணைக் குறித்துவைத்தீர்களா என்பதில்தான் வித்தியாசம். இணையத்தில் சீட்டு விற்றால் படிவத்தில் "உறுப்பினரா?" என்று ஒரு கேள்வி போதும். நிகழ்ச்சி முடிந்த பிறகு உட்கார்ந்து பெயர்ப் பட்டியலைப் பிரித்தெடுப்பது பெரிய தலைவலி.

பி1 படிவமே எங்களுக்கு வரவில்லையே?

வரவில்லை என்பதால் கடமை போய்விடாது. வரி விதிக்கத்தக்க வருமானம் இருந்தால் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு நீங்களே தெரிவிக்கவேண்டும். பழைய செயலாளரின் வீட்டு முகவரிக்குக் கடிதம் போய்க்கொண்டிருக்கலாம். அதை முதலில் சரிபாருங்கள்.

சென்னையிலிருந்து பாடகரை வரவழைக்கிறோம். அதில் என்ன வரி இருக்கிறது?

வகுப்பில் எல்லாரும் நிமிர்ந்து உட்காரும் கேள்வி இது. சிங்கப்பூரில் வசிக்காத கலைஞருக்கு இங்கே நடந்த நிகழ்ச்சிக்காகப் பணம் கொடுத்தால், கொடுப்பவர் 15 விழுக்காட்டைப் பிடித்து ஆணையத்துக்குக் கட்டவேண்டும். இதற்குப் பிடித்தவரி என்று பெயர். 2022 மார்ச் 31 வரை கலைஞர்களுக்கு 10 விழுக்காடு என்ற சலுகை இருந்தது. பழைய வரவுசெலவுத் திட்டத்தை நகலெடுத்துப் போடுபவர்கள் இன்னும் 10 என்றே எழுதுகிறார்கள்.

நீங்கள் அறநிறுவனமா, கோயிலா, சங்கமா என்பது இங்கே பொருட்டல்ல. வரி பாடகருடையது. பிடித்துக் கட்டும் பொறுப்பு உங்களுடையது. நிகழ்ச்சி ஏப்ரலில் நடந்து அம்மாதமே பணம் கொடுத்தால் ஜூன் 15க்குள் கட்டவேண்டும், அதாவது கொடுத்த மாதத்திலிருந்து இரண்டாவது மாதத்தின் 15ஆம் நாள். தாமதித்தால் 5 விழுக்காடு அபராதம். அதற்குப் பிறகும் கட்டாவிட்டால் மாதத்துக்கு 1 விழுக்காடாக, கூடுதலாக 15 வரை ஏறும்.

இனி, பேரம் பேசும்போது நடப்பதைச் சொல்கிறேன். கலைஞரின் ஊர்க்காரர் ஒருவர் நடுவில் நின்று, "அண்ணே, கையில மூவாயிரம் வெள்ளி சுளையா குடுத்துடுங்க" என்பார். செயலாளர் தலையாட்டிவிடுவார். மூவாயிரம் என்பது வரிக்கு முந்தைய தொகை என்று பேசியிருந்தால், 450 வெள்ளியைப் பிடித்து 2,550 கொடுத்தால் போதும். கையில் மூவாயிரம் என்று வாக்குக் கொடுத்துவிட்டால் வரியைச் சங்கம்தான் சுமக்கவேண்டும். அப்போது கணக்கு 3,000இன் 15 விழுக்காடு ஆகாது. 15 விழுக்காடு போக 3,000 மிஞ்சும் தொகையைக் கண்டுபிடிக்கவேண்டும். 3,000ஐ 0.85ஆல் வகுத்தால் 3,529 வெள்ளி 41 காசு. வரி 529.41. சிறு சங்கத்துக்கு அது ஒலிபெருக்கி வாடகைக்குச் சமம். ஆகவே அழைப்புக் கடிதத்தில் "வரி உட்பட" என்றோ "வரி நீங்கலாக" என்றோ ஒரு சொல் கட்டாயம் இருக்கட்டும். வகுப்பில் அப்படி ஒரு கடிதத்தை எழுதிப் பார்க்கிறோம்.

பட்டிமன்ற நடுவருக்கும் இதே விதியா?

பேச்சாளர், பயிலரங்கு நடத்துபவர், ஆலோசகர் போன்றோர் வெளிநாட்டு வல்லுநர் என்ற பிரிவில் வருவார்கள். அங்கும் மொத்தத் தொகையில் 15 விழுக்காடுதான். செலவு போக நிகர வருமானத்தில் 24 விழுக்காடு என்ற வழியையும் அவர் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் இந்தியாவுடன் நமக்கு இரட்டை வரி தவிர்ப்பு உடன்பாடு உண்டு. அதன்படி, நிலையான அலுவலகம் எதுவும் இங்கே இல்லாமல் ஆண்டில் 90 நாளுக்குக் குறைவாகத் தங்கும் வல்லுநருக்கு விலக்குக் கேட்கலாம். சும்மா கிடைக்காது. இந்திய வரித்துறை தரும் வசிப்பிடச் சான்றிதழை அவர் அனுப்பவேண்டும், நீங்கள் அதைச் சமர்ப்பிக்கவேண்டும். மேடைக் கலைஞருக்கு இந்த 90 நாள் வழி பொருந்தாது.

மாலை, பொன்னாடை, நினைவுப் பரிசு பற்றியும் கேட்கிறார்கள். பொன்னாடை பிரச்சினையில்லை. "அங்பாவ்" என்ற பெயரில் உறைக்குள் சன்மானம் போட்டுக் கொடுத்தால் அது சன்மானம்தான். உறையின் நிறம் சிவப்பு என்பதால் வரி மாறாது.

அர்ச்சகர், சமையல்காரர், பகுதிநேரத் துணைப்பாட ஆசிரியர்கள் இருக்கிறார்கள். என்ன செய்யவேண்டும்?

முதலாளி என்ற வகையில் உங்களுக்கும் ஒரு வர்த்தக நிறுவனத்துக்கும் வேறுபாடு கிடையாது. ஒவ்வோர் ஊழியருக்கும் ஐஆர்8ஏ (ஊழியரின் ஆண்டு வருமானத்தைக் காட்டும் படிவம்) விவரத்தை மார்ச் 1க்குள் தயார்செய்யவேண்டும். ஐந்து ஊழியர்களோ அதற்கு மேலோ இருந்தால் ஆணையத்துக்கு மின்வழி அனுப்புவது கட்டாயம். பகுதிநேர ஆசிரியரும் அந்த ஐந்தில் ஒருவர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

துணைப்பாட நிலையங்களில் "சம்பளம் இல்லை, அலவன்ஸ்தான்" என்பார்கள். வாரந்தோறும் குறிப்பிட்ட நேரத்துக்கு வந்து, உங்கள் பாடத்திட்டத்தைக் கற்பித்து, மணிக்கு இவ்வளவு என்று வாங்கினால் பெயரை மாற்றிப் பயனில்லை. சிங்கப்பூரராகவோ நிரந்தரவாசியாகவோ இருந்து மாத ஊதியம் 50 வெள்ளியைத் தாண்டினால் முதலாளி மத்திய சேமநிதி சந்தாவும் கட்டவேண்டும். தொண்டூழியர் காட்டிய டாக்சி ரசீதுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது வேறு கதை, அது ஊதியமல்ல. ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

அர்ச்சகருக்கு அமைப்பு தங்குமிடம் கொடுத்தால் அதன் மதிப்பும் அவருடைய வருமானத்தில் சேரும், ஐஆர்8ஏவில் காட்டவேண்டும். அவர் வெளிநாட்டவராக இருந்து வேலையை விட்டு ஊர் திரும்பினால் ஐஆர்21 என்ற வரித் தீர்வுப் படிவம். கடைசி வேலை நாளுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே ஆணையத்துக்குத் தெரிவித்து, அவருக்குச் சேரவேண்டிய பணத்தை வரி முடியும்வரை நிறுத்திவைக்கவேண்டும். திருவிழா முடிந்ததும் கடைசி மாதச் சம்பளத்தையும் விமானச் சீட்டையும் கையில் கொடுத்து வழியனுப்பிவிட்டால், பாக்கி வரி உங்கள் தலையில் விழலாம். நிறுத்திவைப்பது அவரை நம்பாததால் அல்ல என்று அர்ச்சகரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் சொன்னால் மனக்கசப்புத்தான்.

நாங்கள் அறநிறுவனம். "நன்கொடைக்கு 250 விழுக்காடு வரிக்கழிவு" என்று சுவரொட்டியில் போடலாமா?

ஐபிசி (பொதுநல அமைப்பு) என்ற தகுதி இருந்தால் மட்டும். அறநிறுவனமாக இருப்பது உங்கள் வரியைப் பற்றியது. ஐபிசி தகுதி, நன்கொடையாளரின் வரியைப் பற்றியது. எல்லா அறநிறுவனங்களுக்கும் அது கிடையாது; குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுத்துப் புதுப்பிக்கப்படும் தகுதி அது. காலாவதியான பிறகு வாங்கிய நன்கொடைக்குக் கழிவு இல்லை. சுவரொட்டியை அச்சுக்குக் கொடுக்குமுன் தகுதி முடியும் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

250 விழுக்காடு என்றதும், நூறு வெள்ளி கொடுத்தால் 250 வெள்ளி திரும்ப வரும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நன்கொடை திரட்டும் தொண்டூழியர்களே சில வேளை அப்படிச் சொல்லிவிடுகிறார்கள். கழியப்போவது வரியல்ல, வரிக்குரிய வருமானம். ஐபிசி ஒன்றின் விருந்துக்கு 300 வெள்ளி சீட்டு என்று வைத்துக்கொள்வோம். சாப்பாட்டின் சந்தை மதிப்பு 80. நன்கொடையாகக் கணக்கில் சேர்வது 220 மட்டுமே. அதன் இரண்டரை மடங்கு 550. சீட்டு வாங்கியவருடைய வருமானத்தின் மேல்படி 7 விழுக்காட்டு வரியில் இருந்தால் மிச்சமாவது 38 வெள்ளி 50 காசு. இதை நேர்மையாகச் சொன்னாலும் கொடுப்பவர்கள் கொடுக்கத்தான் செய்கிறார்கள்.

பொருளாளர் செய்யவேண்டியவை இவை. நன்கொடையாளரின் அடையாள அட்டை எண்ணை, நிறுவனமானால் யூஇஎன் எனும் நிறுவனப் பதிவு எண்ணை வாங்குங்கள். 2011 முதல் அது இல்லாமல் கழிவு இல்லை. விவரங்களை மறு ஆண்டு ஜனவரி 31க்குள் ஆணையத்துக்கு அனுப்புங்கள். அனுப்பிவிட்டால் கழிவு அவர் கணக்கில் தானாகவே ஏறும். தவறவிட்டால், மார்ச் ஏப்ரலில் வருமான வரிப் படிவத்தைத் திறந்து பார்த்துவிட்டு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைப்பார்கள். அந்த அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் வேலை யாருக்கும் பிடிக்காது. உண்டியலில் விழும் ரொக்கத்துக்குப் பெயரில்லை என்பதால் கழிவும் இல்லை. அரிசி மூட்டை, எண்ணெய் டின் போன்ற பொருள் நன்கொடைக்கும் இல்லை.

தமிழ்நாட்டில் வெள்ளம். நிவாரணத்துக்கு நிதி திரட்டினால் கழிவு உண்டா?

இல்லை. 250 விழுக்காட்டுக் கழிவு சிங்கப்பூரில் பயன்படும் நன்கொடைக்கே; 2025 முதல் 2028 வரையிலான சோதனைத் திட்டத்தில், நியமிக்கப்பட்ட அறநிறுவனங்கள் வழியாக வெளிநாட்டுப் பேரிடர் நிவாரணத்துக்குத் தரும் ரொக்கத்துக்கு மட்டும் 100 விழுக்காட்டுக் கழிவு உண்டு. அதைவிட முக்கியமானது அனுமதி. வெளிநாட்டு அறப்பணிக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். பொதுவாக நிகரத் தொகையில் 80 விழுக்காட்டைச் சிங்கப்பூரிலேயே செலவிடவேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. உடனடிப் பேரிடர் நிவாரணத்துக்கு அதை அவர் தளர்த்தலாம். ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு வாட்ஸ்அப் குழுவில் பேநவ் எண்ணைப் போட்டுவிட்டு, "நமக்குள்ளதானே" என்று இருப்பவர்கள் அந்தக் குழுவில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் யார் யாருக்கு அனுப்பினார்கள் என்று யோசிக்கவேண்டும்.

பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்யவேண்டுமா?

ஓராண்டில் வரிக்குரிய விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் கட்டாயம். சிறு அமைப்புகளுக்கு அந்த நிலை அபூர்வம். பதிவில்லாத அமைப்பு தன் ரசீதில் 9 விழுக்காடு சேர்த்து வாங்கக்கூடாது, அது குற்றம். மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் நீங்கள் கொடுக்கும் 9 விழுக்காட்டைத் திரும்பப் பெறவும் முடியாது; வரவுசெலவுத் திட்டத்தில் செலவாகவே எழுதுங்கள்.

பெரிய அமைப்புகள் கவனிக்கவேண்டியது விளம்பர ஆதரவு. கைமாறு எதுவும் பெறாமல் ஒருவர் தரும் நன்கொடை இந்த வரிக்குள் வராது. மலரில் முழுப்பக்க விளம்பரம், அரங்கில் கடை போட இடம் என்று எதையாவது கொடுத்தால் அது விற்பனை. 10 லட்சம் வெள்ளிக் கணக்கில் அதுவும் சேரும்.

கோயில் கட்டடத்தின் ஒரு பகுதியைக் கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம்.

வழிபாட்டுக்கோ அறப்பணிக்கோ மட்டும் பயன்படும் பகுதிக்குச் சொத்து வரி விலக்குப் பெறலாம். கடைப் பகுதிக்கு அந்த விலக்கு இல்லை. பயன்பாடு மாறினால் ஆணையத்துக்குத் தெரிவியுங்கள்.

முன்னைய ஆண்டுகளில் சிலவற்றைச் செய்யாமல் விட்டுவிட்டோம். இப்போது போய்ச் சொன்னால் மாட்டிக்கொள்வோமா?

அவர்களாகக் கண்டுபிடிப்பதற்குள் நீங்களாகச் சொல்வது நல்லது. உள்நாட்டு வருவாய் ஆணையத்தில் தானாக முன்வந்து தெரிவிக்கும் திட்டம் இருக்கிறது. தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து ஓராண்டுக்குள், கேள்வி வருவதற்கு முன்பே, முழுவதுமாகச் சொல்லிவிட்டால், நிபந்தனைகளை நிறைவேற்றும்போது அபராதம் இல்லாமலே முடியலாம். ஓராண்டு தாண்டினாலும் அபராதம் குறையும். "புதுக் குழு வந்துதான் கண்டுபிடித்தது" என்பதை மறைக்காமல் கடிதத்தில் எழுதுங்கள். பழைய பொருளாளரைக் குற்றஞ்சாட்டும் தொனி மட்டும் வேண்டாம். ஆவணங்களைத் தேடியெடுக்க நாளைக்கு அவர் உதவி தேவைப்படும்.

ஆங்கிலத்தில் இதற்கு வகுப்புகள் இருக்கின்றனவே?

இருக்கின்றன, நல்ல வகுப்புகள்தான். வரிக் கழகம், தேசிய சமூக சேவை மன்றத்தின் சமூக சேவைப் பயிற்சிக் கழகம் ஆகியவை பயிற்சி தருகின்றன. உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையக் கருத்தரங்குகளும் உண்டு. அறநிறுவனமாகவோ ஐபிசியாகவோ இருந்தால் கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சின் அறநிறுவனத் திறன்வளர்ப்பு நிதியிலிருந்து பயிற்சிக் கட்டணத்துக்கு உதவி கேட்கலாம். முழுநேரக் கணக்காளர் இருக்கும் அமைப்பு அங்கே போவதே சரி. எங்கள் வகுப்பு, பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் சாப்பாட்டு மேசையில் கணக்கெழுதும் பொருளாளருக்கானது.

பயிற்சிக்கு வந்துவிட்டால் தணிக்கை தேவையில்லையா?

தேவை. ஆண்டு வரவோ செலவோ 5 லட்சம் வெள்ளியைத் தாண்டும் அமைப்புக்குப் பொதுக் கணக்காளரின் தணிக்கை கட்டாயம். அதற்குக் குறைவானாலும் செயற்குழுவில் இல்லாத ஒருவர் கணக்கைப் பார்ப்பது நல்லது. பொருளாளரின் மைத்துனர் பார்ப்பதைத் தணிக்கை என்று நாங்கள் ஏற்பதில்லை, சிரித்துக்கொண்டே சொன்னாலும்.

வகுப்புக்கு என்ன கொண்டுவரவேண்டும்?

அமைப்புவிதி, கடைசி ஆண்டின் கணக்கறிக்கை, ஆணையத்திலிருந்து வந்த கடிதங்கள் (பிரிக்காதவையும்), கடைசியாக வெளிநாட்டுக் கலைஞருக்குக் கொடுத்த பணத்தின் விவரம். நன்கொடையாளர் பட்டியலைக் கொண்டுவரவேண்டாம். அடையாள அட்டை எண்கள் இருக்கும் தாளை மற்ற அமைப்புகள் அமர்ந்திருக்கும் அறையில் திறக்கக்கூடாது.

வருவதற்கு முன் ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் அமைப்பின் கார்ப்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்குள் அமைப்பின் பெயரில் நுழையும் கணக்கு) நிர்வாகி யார் என்று பாருங்கள். மூன்று செயற்குழுக்களுக்கு முந்தைய செயலாளர் பெயரில் அது இருந்து, அவர் இப்போது ஆஸ்திரேலியாவில் இருந்தால், ஆணையத்தின் இணையவாசலுக்குள் உங்களால் நுழையவே முடியாது. அதை மாற்ற நாளாகும் என்பதால் பதிவு செய்த அன்றே தொடங்கிவிடுங்கள். கணக்குப் புத்தகங்களையும் ரசீதுகளையும் குறைந்தது ஐந்தாண்டு வைத்திருக்கவேண்டும். அவை யார் வீட்டில், எந்த அலமாரியில் இருக்கின்றன என்பதையும் அப்படியே விசாரித்துக்கொண்டு வாருங்கள்.